வெளுத்ததெல்லாம் பாலா?

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனைப் பேதை என்று நம் முன்னோர் நகைத்தனர். உணவு விஷயத்தில் அப்பேதைமை இல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? பினாங்கு மார்க்கெட் வீதியில் ஒரு மளிகைக் கடைமுன் சற்றே நில்லுங்கள். ஒருபுறம் பழுப்பேறிய புழுங்கல் அரிசி. மறுபுறம் முத்துப்போல் தீட்டிய வெள்ளை அரிசி. விருந்தினர் வரும் நாளில் நம் கை எந்த மூட்டையை நாடுகிறது? நாவும் வயிறும் தீர்ப்புக் கூறுமுன் கண் தீர்ப்புக் கூறிவிடுகிறது. அத்தீர்ப்பு இம்மலாய் நாட்டிலே எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதைச் சரித்திரம் கூறும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் தாண்டவமாடியது. கால் மரக்கும், உடல் வீங்கும், முடிவில் இருதயம் ஓயும். சீனத் தொழிலாளர்களே பெரிதும் மாண்டனர். அதே ஊரில், அதே நீரைப் பருகிய தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அரிதாகவே தீண்டியது. காரணம் யாது? நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராட்டன் என்பார், சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்பதைக் கவனித்து, 1907இல் இதுபற்றி நூல் வெளியிட்டார்.

1905ஆம் ஆண்டின் இறுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை இரு சாராராகப் பிரித்து, ஒரு சாராருக்கு வெள்ளை அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். ஓராண்டுக்குள் வெள்ளை அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. மறுத்துரைக்க வழியற்ற அவ்வேழைகளின் உயிரை விலையாகக் கொடுத்து உலகம் கற்ற பாடம் இது. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் சாலை வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து இதனையே உறுதிப்படுத்தினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பச்சை நெல்லைத் தீட்டினாலோ, அச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. 1926இல் ஜாவாவில் ஆராய்ச்சியாளர் இருவர் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். இன்று அதனைத் தையமின் என்கிறோம்.

இங்கே நாம் சிந்திக்கவேண்டியது மனத்தின் போக்கை. கொல்லும் உணவை மக்கள் ஏன் விரும்பி உண்டனர்? வெண்மையைத் தூய்மை என்றும் செல்வத்தின் அடையாளம் என்றும் மனம் கொண்டது. உண்டவுடன் கேடு தோன்றியிருந்தால் எவரும் அதனைத் தொட்டிருக்கமாட்டார். கேடோ மாதங்கள் கழித்தே வந்தது. ஆகவே காற்றையும் மண்ணையும் பழித்தனரேயன்றி அரிசியைப் பெரும்பாலோர் ஐயுறவில்லை. நம்மவர் தப்பியதும் அறிவினால் அன்று, பழக்கத்தினால். ஆதலால் பெருமை பேசிக்கொள்ள நமக்கு இடமில்லை. அறியாமல் காத்த பொருளை நாணத்தினால் இழப்பது எளிது. புழுங்கல் சோற்றின் மணத்தைத் தோட்டத்து மணம் என்று கூசி ஒதுக்குவோர் நம்மிடையே இல்லையா?

அரிசிக்குப் பின் இன்னொரு வெண்மை வந்தது. அதுவே டின் பால். தாய்ப்பாலினும் உயர்ந்தது என்று ஏழைத் தாய்மாரை நம்பவைக்க, தாதியரைப்போல் வெள்ளுடை தரித்த பெண்கள் வீடு வீடாய் அனுப்பப்பட்டனர். பாலை நம்பாதவளும் அவ்வுடையை நம்பினாள்! சர்க்கரை மிகுந்த அப்பாலால் சிசுக்கள் மடிவதைக் கண்ட டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் “பாலும் கொலையும்” என்ற தலைப்பிலேயே முழங்கினார்.

அக்குரல் பினாங்கில் மீண்டும் எழுந்தது. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகம்மது இத்ரிஸ் அவர்களின் தலைமையில், உணவில் கலந்த இரசாயனத்தையும் சர்க்கரையையும் பற்றி வீட்டுப் பெண்டிருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தது. அதே பினாங்கைச் சேர்ந்த அன்வர் பசால் முதலியோர் 1979இல் குழந்தை உணவு விற்பனையைக் கண்காணிக்கும் உலக இயக்கத்தைத் தோற்றுவிக்க முன்னின்றனர். 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு நெறிமுறை வகுத்தது. 2019இல் மலேசிய அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது.

எனினும் மயக்கம் தெளிந்துவிட்டதா? நாம் பால் என்றெண்ணித் தே தாரிக்கில் கலக்கும் டின்களில் பல, இன்று பாலே அல்ல. செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த “கிரீமர்”. டின்மேல் அப்பெயர் அச்சிடப்பட்டேயிருக்கிறது. படிக்கத் தெரிந்தும் படிக்காதிருப்பவர் நாம்தாம்.

பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றவும் வேண்டாம். புதியது, வெளுத்தது என்பதற்காக ஒன்றை விழுங்கவும் வேண்டாம். தோட்டத்துச் சகோதரிகளே, பட்டணத்து நண்பர்களே! அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது டின்னைத் திருப்பிப் பிடித்து அச்சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கண்ணை இவ்வளவு காலம் ஏமாற்றத்திற்குக் கொடுத்தோம். இனி அதனை அறிவுக்குக் கொடுப்போம்.