மூன்று வருட ஸ்பானிஷ் வகுப்பு

1492 ஆகஸ்ட் 18 அன்று ஸ்பெயினின் சலமாங்கா நகரில் ஒரு இலக்கணப் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. எழுதியவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. நாம் இன்று ஸ்பானிஷ் என்று சொல்கிற காஸ்தீலிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் படித்தவர்களுக்கு இலக்கணம் என்றால் லத்தீன் இலக்கணம்தான். வீட்டிலும் சந்தையிலும் பேசுகிற பாஷைக்கு எதற்குப் புத்தகம், அதுதான் தாய்ப்பாலோடு வந்துவிடுகிறதே!

இஸபெல் அரசிக்கும் அதே சந்தேகம் வந்தது. நெப்ரிஹாவே முன்னுரையில் அந்தக் கதையைச் சொல்கிறார். புத்தகத்தின் மாதிரியை அரசியிடம் காட்டியபோது, இதனால் என்ன பயன் என்று அவர் கேட்டிருக்கிறார். நெப்ரிஹா வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த ஆவிலா நகர ஆயர் பதில் சொல்லிவிட்டார். வேற்றுமொழி பேசும் பல மக்களை அரசி தன் ஆட்சிக்குள் கொண்டுவருவார். வென்றவரின் சட்டங்களை அவர்கள் ஏற்க வேண்டியிருக்கும், சட்டத்தோடு மொழியையும். அப்போது இந்தப் புத்தகம் உதவும். பேரரசும் மொழியும் கைகோத்து நடக்கும் என்று சொல்லும்போதெல்லாம் வரலாற்றாசிரியர்கள் இந்த முன்னுரையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

அந்த ஆயரின் பெயர் எர்னாந்தோ தெ தலவேரா. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு முறை வருவார்.

முன்னுரையோடு நின்றுவிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். புத்தகத்தில் மொத்தம் ஐந்து பகுதிகள். முதல் நான்கும் எழுத்து, அசை, சொல், தொடர் என்று மொழியை ஏற்கெனவே பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஐந்தாவது பகுதி வேற்றுமொழிக்காரர்களுக்கு. அதில் நெப்ரிஹா மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். முதலில் எழுத்துகள், பிறகு பெயர்ச்சொல் மாறும் விதம், பிறகு வினைச்சொல் வாய்பாடுகள். விளக்கம் குறைவு, அட்டவணை அதிகம். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான்: நிரலைப் பராமரிப்பவருக்கு எழுதுகிற குறிப்பும், அதைப் பயன்படுத்துகிறவருக்கு எழுதுகிற கையேடும் ஒன்றில்லை. ஆளைப் பார்த்துப் பாடத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஸ்பானிஷின் முதல் இலக்கணத்திலேயே இருக்கிறது. நான் ஆன்லைனில் சேர்ந்த ஏ1 வகுப்பின் முதல் மாதமும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போனது.

யார் அந்த வேற்றுமொழிக்காரர்கள்? முன்னுரையில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, வெல்லப்பட்டவர்கள். இன்னொன்று, ஸ்பெயினில் காரியம் உள்ளவர்கள்: பாஸ்க்குகள், நவார்ரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள். கட்டாயத்துக்குக் கற்பவர், தேவைக்குக் கற்பவர். ஸ்பானிஷ் கற்பித்தலின் அடுத்த ஐந்நூறு ஆண்டுகளை இந்த இரண்டு பெஞ்சுகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பெஞ்சின் கதை சுலபமானது. நெப்ரிஹாவின் இலக்கணம் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கு மறுபதிப்பே காணவில்லை. ஆனால் வியாபாரிகள் காத்திருப்பார்களா? 1555-இல் லூவேன் நகரில், ஆசிரியர் பெயர் இல்லாமல், ஸ்பானிஷின் அடிப்படைகளைக் கற்றுத்தரும் சின்னப் புத்தகம் ஒன்று வந்தது. 1591-இல் லண்டனில் ரிச்சர்ட் பெர்சிவால் இலக்கணமும் அகராதியும் சேர்த்து ஒரு நூல் போட்டார். ஸ்பானிஷ் கடற்படை இங்கிலாந்தைத் தாக்க வந்து தோற்று மூன்றே வருடம் ஆகியிருந்தது. எதிரியின் மொழிக்கு எப்போதுமே சந்தை உண்டு. 1597-இல் பாரிஸில் இலக்கணம் வெளியிட்ட செஸார் ஊதேன்தான் பிற்பாடு ‘தோன் கிஹோத்தே’யின் முதல் பாகத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர்.

முதல் பெஞ்சுக்கு வருவோம்.

நெப்ரிஹாவின் புத்தகம் வந்த அதே 1492-இன் முதல் வாரத்தில் கிரனடா வீழ்ந்திருந்தது. ஐபீரியாவின் கடைசி முஸ்லிம் அரசு அது. மார்ச் 31-ஆம் தேதி, மதம் மாறாத யூதர்கள் எல்லோரும் ஜூலை முடிவுக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஆணை கையெழுத்தானது. போனவர்களில் பலர் சலோனிகா, இஸ்தான்புல் போன்ற ஒட்டோமான் நகரங்களில் குடியேறினார்கள். வீட்டுச் சாவியை எடுத்துப்போன கதைகள் நிறைய உண்டு. மொழியை எடுத்துப்போனார்கள் என்பதற்குக் கதையே வேண்டாம். லதீனோ என்றும் யூத ஸ்பானிஷ் என்றும் அழைக்கப்படும் அவர்கள் பேச்சில் நெப்ரிஹா காலத்து ஒலிகள் பல அப்படியே இருக்கின்றன. ‘சொன்னான்’ என்பதற்கு இன்றைய ஸ்பெயினில் ‘தீஹோ’. லதீனோவில் ‘தீஷோ’. அந்த ‘ஷ’தான் பழைய உச்சரிப்பு, பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் கிஹோத்தேயைக் ‘கிஷோத்’ என்பது அதனால்தான். முதல் இலக்கணம் அச்சான வருடத்தில் வெளியே அனுப்பப்பட்டவர்களின் வாயில்தான் அந்த இலக்கணத்தின் ஒலி மிஞ்சியிருக்கிறது.

தலவேரா இப்போது கிரனடாவின் முதல் பேராயர். வென்றவரின் மொழியை மற்றவர்கள் கற்பார்கள் என்று அரசியிடம் சொன்ன மனிதர், கிரனடாவுக்குப் போனதும் நேரெதிராகச் செய்தார். முஸ்லிம்களை அவர்கள் மொழியிலேயே பேசி மதம் மாற்றலாம் என்று நம்பியவர், பாதிரிமார்களை அரபி கற்கச் சொன்னார். அதற்காக பெத்ரோ தெ அல்காலா எழுதிய அரபிப் பாடநூலும் சொற்பட்டியலும் 1505-இல் கிரனடாவில் அச்சாயின. சுலபமாக அரபி கற்பது எப்படி என்பதுதான் அந்தப் பாடநூலின் தலைப்பே. ஆசிரியர் மாணவராகிவிட்டார் என்று கொண்டாடத் தேவையில்லை, நோக்கம் மதமாற்றம்தான். ஆனாலும் அடுத்து வந்ததோடு ஒப்பிட்டால் அது பொற்காலம். 1499-இல் கிரனடாவுக்கு வந்த கர்தினால் ஸிஸ்னேரோஸுக்குப் பொறுமை கிடையாது. கட்டாய ஞானஸ்நானம் நடந்தது. அரபிப் புத்தகங்கள் நடுத்தெருவில் எரிந்தன.

மதம் மாற்றப்பட்ட இந்த முஸ்லிம்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர். 1567 ஜனவரி 1 அன்று கிரனடாவில் இரண்டாம் பிலிப்பின் ஆணை ஒன்று பறையறிவிக்கப்பட்டது. மொரிஸ்கோக்கள் மூன்று வருடத்துக்குள் காஸ்தீலிய மொழியைக் கற்றுவிட வேண்டும். அதன் பிறகு வெளியிலும் சரி, வீட்டுக்குள்ளும் சரி, அரபியில் பேசவோ படிக்கவோ எழுதவோ கூடாது. அரபியில் எழுதிய ஒப்பந்தங்கள் செல்லாது. முக்காடு, பொதுக் குளியலறைகள், பழைய உடை, பழைய பெயர் எல்லாவற்றுக்கும் தடை.

நான் அறிந்தவரை ஸ்பானிஷ் வரலாற்றில் கால வரம்பு குறித்த முதல் பெரிய மொழிப் பாடத்திட்டம் இதுதான். காலம் மூன்று வருடம். நிலைகள் கிடையாது. வயது விலக்கு கிடையாது. தோற்றால் தண்டனை.

இதற்கு ஒரு முதியவர் எழுதிய பதில் மனு இன்றும் கிடைக்கிறது. பிரான்ஸிஸ்கோ நூன்யெஸ் முலேய், மொரிஸ்கோ பிரபு, எழுபதைத் தாண்டியவர். சிறுவயதில் தலவேராவிடம் ஏவல் பையனாக இருந்து அவரோடு மலைக் கிராமங்களைச் சுற்றியவர். பூசையில் ஆர்கன் வாத்தியத்துக்குப் பதிலாக மொரிஸ்கோக்களின் ஸாம்ப்ரா இசையைத் தலவேரா அனுமதித்ததை மனுவில் நினைவுகூர்கிறார். கெஞ்சல் அவரிடம் இல்லை. ஒவ்வொரு ஷரத்தாக எடுத்து, இது நடக்காது, இதனால் இதைத் தவிர வேறு பயன் இல்லை என்று கணக்குப் பார்க்கிறார்.

மொழி பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. அரபி பேசினால் கிறிஸ்தவராக இருக்க முடியாதா என்று கேட்கிறார். மால்டா தீவுக்காரர்கள் கிறிஸ்தவர்கள்தானே, அவர்கள் பேசுவது அரபிதானே? அப்புறம் நடைமுறைக்கு வருகிறார். சின்னச் சின்ன ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்களில் காஸ்தீலியன் காதில் விழுந்ததே இல்லை. அது தெரிந்த ஒன்றிரண்டு பாதிரிமாரும் ஊராரோடு அரபியில்தான் பேசுகிறார்கள். அங்கிருக்கும் கிழவர்களுக்கு மிச்ச ஆயுள் முழுதும் போதாது, மூன்று வருடத்தில் எப்படிக் கற்பார்கள், வேறு வேலையே பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கே நடந்துகொண்டிருந்தாலும்? வேலைக்கு நடுவே ராத்திரி ஒன்பது மணி வகுப்பில் உட்கார்ந்து வினைச்சொல் வாய்பாடு ஒப்பித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் உடனே புரியும். மனிதர் எந்த வயதில், எங்கிருந்து, யாரோடு பேசி, எவ்வளவு காலத்தில் ஒரு மொழியைக் கற்பார் என்று நிதானமாகக் கேட்ட மனு அது. அரசாங்கத்தில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மனு தோற்றது. 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்புஹாரா மலைப்பகுதியில் கலகம் வெடித்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்த கொடிய போர். தோற்ற மொரிஸ்கோக்கள் பல்லாயிரக் கணக்கில் கிரனடாவிலிருந்து காஸ்தீல் முழுக்கச் சிதறடிக்கப்பட்டார்கள்.

இதே பிலிப் அரசர் அமெரிக்க விஷயத்தில் வேறு ஆள் மாதிரி நடந்துகொண்டார் என்பது வேடிக்கை. 1596-இல் அங்குள்ள பூர்வகுடிகள் மீது காஸ்தீலியனைத் திணிக்கலாம் என்று ஆலோசனைச் சபை சொன்னபோது மறுத்துவிட்டு, விரும்பிக் கற்க வருகிறவர்களுக்கு ஆசிரியர் வையுங்கள் என்றார். அங்கே பாதிரிகள்தான் நாவாத்ல், கெச்சுவா மொழிகளுக்கு இலக்கணம் எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, மொரிஸ்கோக்கள் ஸ்பானிஷ் கற்றிருந்தால் பிழைத்திருப்பார்களா? இதற்குப் பதில் இருக்கிறது. அரகோன் பகுதி மொரிஸ்கோக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அரபியை மறந்துவிட்டவர்கள். எழுத்தை மட்டும் விடவில்லை. ஸ்பானிஷை அரபி எழுத்தில் எழுதினார்கள். ‘அல்ஹமியாதோ’ என்று அதற்குப் பெயர். பழைய வீடுகளை இடித்தபோது சுவருக்குள்ளிருந்தும் பொய்த்தளத்துக்கு அடியிலிருந்தும் அந்தக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்குப் புரிந்த மொழி ஸ்பானிஷ் மட்டும்தான். 1609 முதல் 1614 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர்களும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். துனிஸில் இறங்கிய சிலர் தங்கள் இஸ்லாமிய நூல்களை ஸ்பானிஷிலேயே எழுதினார்கள். வேறு எதில் எழுதுவார்கள்?

அவர்களது அரபி மட்டும் ஸ்பானிஷை விட்டுப் போகவில்லை. எண்ணெய்க்கு ‘அஸெய்தே’, தலையணைக்கு ‘அல்மோஆதா’, மேயருக்கு ‘அல்கால்தே’ என்று ஏ1 வகுப்பிலேயே வந்துவிடும். ‘ஓஹலா’ மட்டும் பி1 வரை காத்திருக்கும். ‘அப்படி நடந்தால் நன்றாயிருக்குமே’ என்று பொருள். அதற்குப் பின்னால் வினைச்சொல் தன் சாதாரண உருவை விட்டு ஆசைக்கும் சந்தேகத்துக்கும் உரிய உருவை எடுக்கும். வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் கழன்றுகொள்வார்கள். சொல்லுக்குள் இருப்பது அல்லா. கடவுள் நாடினால் என்ற அரபித் தொடர் தேய்ந்து ஓஹலா ஆகியிருக்கிறது.

நூன்யெஸ் முலேய் கேட்ட மாதிரியான கேள்வியை ஒரு நிறுவனம் முறையாகக் கேட்க நானூறு வருடம் ஆனது. 1970-களில் ஐரோப்பிய கவுன்சிலின் நிபுணர்கள் இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்நிய ஊரில் வாழ வேண்டிய ஒருவருக்கு அந்த மொழியால் என்னென்ன காரியம் ஆக வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். வழி கேட்பது, மன்னிப்புக் கேட்பது, மறுப்பது, வாடகை பேசுவது. ‘வாசற்படி நிலை’ என்ற பொருளில் பெயர் வைத்த அந்தப் பட்டியல் 1975-இல் ஆங்கிலத்துக்கு வந்தது, 1979-இல் ஸ்பானிஷுக்கு. 2001-இல் அது ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளாக விரிந்தது. 1991-இல் ஸ்பெயின் தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனம் இந்த ஆறு படிகளில்தான் வகுப்பு நடத்துகிறது; டெல்லியில் அதன் கிளை 2009 முதல் இருக்கிறது. அதன் ‘டெலே’ தேர்வும் இதே ஆறு படிகளில்தான். நெப்ரிஹாவின் இரண்டாவது பெஞ்சுக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை.

ஆனால் முதல் பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டுவிடவில்லை. 2015-இல் ஸ்பெயின் ஒரு சட்டம் போட்டது. 1492-இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள், இப்போதைய குடியுரிமையை விடாமலே, ஸ்பானிஷ் குடியுரிமை பெறலாம். நான்கு வருடம் திறந்திருந்த அந்தக் கதவை 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் தட்டினார்கள். வழித்தோன்றல் என்பதற்கு என்ன சான்று? குடும்பத்தில் லதீனோ பேசுவதும் சான்றுகளில் ஒன்று என்றது சட்டம். அதே சட்டம் இரண்டு தேர்வுகளையும் வைத்தது. ஒன்று, ஸ்பெயினின் அரசமைப்பும் பண்பாடும் பற்றிய 25 கேள்விகள். 15 சரியாக வர வேண்டும். இன்னொன்று, டெலே ஏ2.

அதாவது, இஸ்தான்புல்லில் லதீனோ பேசி வளர்ந்த ஒருவர், தன் பாட்டியின் ‘தீஷோ’வை வைத்துத் தான் ஸ்பெயின்காரர் என்று நிரூபித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ‘தீஹோ’ எழுதிக் காட்ட வேண்டும். ஸ்பானிஷை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களுக்கு மொழித் தேர்வு இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தேர்வுமே இல்லை. நூன்யெஸ் முலேய் கேட்டிருந்த சலுகை அது. கிடைத்தது அவருடைய ஆட்களுக்கு அல்ல.

மொரிஸ்கோக்களின் வழித்தோன்றல்களுக்கு அப்படி ஒரு சட்டம் வரவேயில்லை. மொராக்கோவின் ரபாத், தெதுவான் நகரங்களில் இன்றும் ஸ்பானிஷ் ஊர்ப்பெயர்களைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஸ்பானிஷ் குடியுரிமை கேட்டால் வேறு எந்த மொராக்கோக்காரரையும் போலத்தான்: ஸ்பெயினில் பத்து வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், பிறகு அந்த 25 கேள்விகள், பிறகு ஏ2.