வாடகைக்கு ஒரு கடலோர வீடு: மயோர்க்காத் தீவில் விடுமுறைக் குடியிருப்பின் வரலாறு

ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்காத் தீவின் பழைய ஊர்கள் பல கடலுக்கு முதுகு காட்டியே அமைந்தவை. சோலேர், பொலென்சா, ஆந்திராட்ச் மூன்றும் உள்ளே தள்ளியிருக்கின்றன. அவற்றின் துறைமுகங்கள் சில கிலோமீட்டர் தள்ளித் தனிக் குடியிருப்புகளாக வளர்ந்தன. கடற்கொள்ளையர் பற்றிய அச்சமே காரணம். 1550இல் பொலென்சாவும் 1561இல் சோலேரும் தாக்கப்பட்டன. கரையில் நின்றவை காவல் கோபுரங்கள்தாம். பாகப்பிரிவினையில் விளைநிலம் மூத்தவனுக்கும், உப்புக்காற்றில் ஒன்றும் விளையாத கரைத்துண்டு இளையவர்களுக்கும் போனதாகத் தீவில் இன்றும் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு நடந்தது என்பது தனிக் கேள்வி. கரை நிலத்தைத் தீவு எப்படி மதித்தது என்பதற்கு அந்தப் பேச்சே சான்று.

அந்தக் கரைதான் பின்னாளில் வாரக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்டது. இந்த மாற்றத்தை விமானத்தின் கணக்கிலும் இணையத்தின் கணக்கிலும் எழுதுவது வழக்கம். அவற்றின் பங்கு பெரிதுதான். ஆனால் எந்த வீட்டை, யார், எத்தனை நாளுக்கு வாடகைக்கு விடலாம் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் வரையறுத்தது சட்டமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று 1838ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த நவம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாந்த், தம் இரு பிள்ளைகளோடும் இசைமேதை ஷோப்பினோடும் தீவின் தலைநகர் பால்மாவில் இறங்கினார். வெளியூராருக்கு வீடு வாடகைக்கு விடும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கவில்லை. நகருக்கு வெளியே, எஸ்தாப்லிமென்ட்ஸ் பகுதியில், சோன் வென்ட் என்ற வீடு கிடைத்தது. அது கடலோரமும் அல்ல. மழைக்காலம் தொடங்கியதும் ஷோப்பினின் இருமல் முற்றியது. காசநோய் என்று செய்தி பரவ, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். மறுபடி வெள்ளையடிக்கும் செலவையும் கேட்டார். டிசம்பரில் அவர்கள் வால்டெமோசா மடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1835இல் ஸ்பெயின் அரசு துறவு மடங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறித்திருந்ததால் துறவிகளின் அறைகள் காலியாக இருந்தன. அந்த ஆணை இல்லையென்றால் அவர்களுக்கு வால்டெமோசாவில் அறைகள் கிடைத்திருக்காது. 1839 பிப்ரவரியில் பன்றிகளை ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பலில் திரும்பினார்கள். சாந்த் பின்னர் எழுதிய நூலில் தீவுக்காரர்களைக் கடுமையாகவே ஏசினார். அதே நூல் இன்று வால்டெமோசாவில் நினைவுப்பொருளாக விற்கப்படுகிறது.

அடுத்த நூறாண்டில் வந்தவர்கள் குறைவு, தங்கிய காலம் நீளம். ஆஸ்திரிய இளவரசர் லூத்விக் சால்வாடோர் 1872இல் மிராமார் என்ற பண்ணையை வாங்கி, வழிப்போக்கர் மூன்று நாள் இலவசமாகத் தங்க விடுதி ஒன்றும் ஏற்படுத்தினார். முதல் உலகப் போரின்போது எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் பால்மாவின் எல் தெரேனோவில் வீடு எடுத்துத் தங்கினார். 1929இல் தேயா என்ற ஊருக்கு வந்த ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் முதலில் வாடகை வீட்டில் இருந்து, 1932இல் சொந்த வீடு கட்டிக்கொண்டார்.

1960இல் சோன் சான்ட் ஜுவான் விமான நிலையம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டதும் கரை முழுதும் ஹோட்டல்கள் எழுந்தன. விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்த மொத்தப் பயணத்தில் தனி வீட்டுக்கு இடமில்லை. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபின் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் பெருமளவில் வீடு வாங்கினர். ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடந்த அவ்வீடுகள் முகவர்கள் வழியே வாடகைக்கு வந்தன. ஹோட்டல் முதலாளிகள் இதை எதிர்த்தனர். வரியும் விதியும் தங்களுக்கு மட்டுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், தன்னலமும் கலந்தது.

2005இல், மயோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுகளின் நாடாளுமன்றம் வீடுகளில் சுற்றுலாத் தங்கலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இணைய வாடகைத் தளமான ஏர்பிஎன்பி தொடங்கியது 2008இல்; சட்டம் அதற்கு மூன்றாண்டு மூத்தது. தனித்து நிற்கும் வீடுகளுக்கே உரிமம் என்ற கோடு இந்தக் கட்டத்தில் விழுந்தது. 2013இல் ஸ்பெயின் அரசு, சுற்றுலா வாடகையைப் பொது வாடகைச் சட்டத்திலிருந்து விலக்கி மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. 2017இல் பலேரிக் நாடாளுமன்றம் அடுக்குமாடி வீடுகளுக்கும் வழி திறந்தது. ஆனால் அண்டை வீட்டாரின் ஒப்புதலும் அனுமதிக்கப்பட்ட பகுதியும் தேவைப்பட்டன. உரிமமின்றி விளம்பரம் செய்யும் உரிமையாளருக்கு அன்று விதிக்கப்பட்ட அபராதம் 20,001 முதல் 40,000 யூரோ வரை. அந்த வழியைப் பால்மா நகராட்சி 2018இல் தன் எல்லைக்குள் அடைத்து, அடுக்குமாடிகளில் சுற்றுலா வாடகையைத் தடை செய்தது. ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2023இல் தடையை உறுதி செய்தது.

நகரவாசிகள் குடியிருக்க வீடு கிடைக்காமல் தவித்ததே தடைக்குக் காரணம். அதன் இன்னொரு விளைவு பற்றிப் பேச்சு குறைவு: அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விட நினைத்தவருக்குக் கதவு மூடியது, நீச்சல்குளத்தோடு தனி வீடு வைத்திருப்பவர் பெரும்பாலும் தப்பினார். 2022இல் தீவில் புதிய சுற்றுலா இடங்களுக்கு அனுமதி நிறுத்திவைக்கப்பட்டதும், ஏற்கெனவே இருந்த உரிமங்களின் மதிப்பு கூடியது. தீவின் வீட்டு விற்பனை விளம்பரங்களில் இன்று கடல் காட்சியோடு சேர்த்து, சுற்றுலா உரிமம் உண்டு என்பதும் அச்சாகிறது.