மடிப்பும் ஓட்டையும்

போட்டித் தேர்வில் தாளை மடித்து ஓட்டை போட்டு, பிரித்தால் எங்கெங்கே இருக்கும் என்று கேட்பார்கள். எனக்கு எப்போதும் தப்பும். காஞ்சிபுரத்தில் தறி நெய்த தாத்தா ஒரே பேச்சில் முடித்தார்: "மடிப்புதான் கண்ணாடி, கண்ணு. இந்தப் பக்கம் எவ்ளோ தூரமோ, அந்தப் பக்கமும் அவ்ளோ."

காகிதத்தை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று 1893இல் சென்னையில் சுந்தர ராவ் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட, 1901இல் சிகாகோவிலும் பதிப்பானது.

தாத்தா அதைப் படித்ததில்லை. அவருக்கு ஜக்கார்டு அட்டைதான் பாடம்: ஓட்டை இருந்தால் கொக்கி ஏறும், பாவு இழை மேலே வரும், இல்லாவிட்டால் கிடக்கும். கட்டத்தாளில் பாதிப் புட்டாவைப் பார்த்தே மறுபாதியைச் சொல்லிவிடுவார்.

தேர்வில் இதற்குப் பெயர் அறிவுத்திறன். தாத்தாவுக்குக் கிடைத்தது நெசவுக் கூலி மட்டும்.