சுண்ணாம்பு தடவிய பானை

கள்ளுக்கும் பதநீருக்கும் இடையே இருப்பது கொஞ்சம் சுண்ணாம்புதான். பானையின் உட்புறம் தடவிக் கட்டிவிட்டால், பாளையிலிருந்து இரவெல்லாம் சொட்டும் சாறு புளிக்காது. தடவாவிட்டால் விடிவதற்குள் நுரைக்கத் தொடங்கிவிடும்.

அப்படி நுரைத்த கள்ளை எதிர்த்து 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் மூண்டது. கள் இறக்க இடம் தரக்கூடாதென்று பெரியார் தன் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் கைதானதும் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் மறியலைக் கையில் எடுத்தார்கள். வாசல் தாண்டவே பெண்கள் தயங்கிய காலம் அது. கொங்கு நாட்டு மதுவிலக்கு வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான காட்சி இல்லை.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதரோடு மதுவிலக்கும் அங்கே அன்றாட வேலை. 1929இல் 'விமோசனம்' என்ற மதுவிலக்கு மாத இதழ் அங்கிருந்து வந்தது. ஆசிரியப் பணியில் கல்கி துணை நின்றார்.

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தின் பிரதமராகிவிட்ட ராஜாஜி, முதலில் தன் சொந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். திருச்செங்கோடும் அப்போது அதற்குள்தான். ஆனால் கள், சாராய வருமானம் அரசுக்குப் பெருந்தொகை. அதை இழந்ததால் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். குடும்பங்கள் குடியிலிருந்து மீள, கடைவீதி செலுத்திய பங்கு அது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்ட பிறகும் விற்பனை வரி தொடர்ந்தது.