இராயப்பு யோசேப்பு: ஓர் ஆயர் படித்த பாடங்கள்

இலங்கையின் மன்னார் மறைமாவட்டத்தின் இரண்டாவது ஆயர் இராயப்பு யோசேப்பு. போரில் காணாமற்போனவர்களைப் பற்றி ஓயாமல் கேட்டவர். அப்படிக் கேட்கும் துணிவும், கேட்ட முறையும் அவருடைய கல்விக்காலத்திலேயே உருவாயின.

1940 ஏப்ரல் 16 அன்று நெடுந்தீவில் பிறந்து, அங்கே கத்தோலிக்கப் பாடசாலையில் எழுத்தறிந்தார். அடுத்துப் படித்தது முருங்கன் மகா வித்தியாலயத்தில். மன்னார் மாவட்டத்தில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயற்பகுதி அது. ஆகவே மன்னார் பெருநிலம் அவர் பள்ளிப் பையனாகவே நடந்து பழகிய மண். பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் வளர்த்த கல்லூரி. அக்கால வடபுலத்துக் கத்தோலிக்கப் பிள்ளைக்குப் பங்குச் சாமியாரே முதல் வழிகாட்டி. ஊர்ப் பிணக்கைத் தீர்ப்பவரும், கந்தோரில் ஊருக்காகப் பேசுபவரும் அவரே.

1967 டிசம்பரில் யோசேப்பு குருவானார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து இரண்டே ஆண்டுகள். உலகின் துயரைத் திருச்சபை தன் துயராகக் கொள்ள வேண்டும் என்ற அதன் போதனை அந்தத் தலைமுறைக் குருக்களை ஆழமாகத் தொட்டது. பின்னர் உரோமையில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, யாழ்ப்பாணம் புனித சவேரியார் குருமடத்தில் கற்பித்தார். பதிவேட்டையும் சாட்சியத்தையும் எடைபோடப் பழக்கும் படிப்பு திருச்சபைச் சட்டம். அவரை அதிகம் வடித்தது இதுவே எனலாம்.

1985 ஜனவரி 6 அன்று மன்னார்க் கரையிலுள்ள வங்காலையில், மக்களுக்காகக் குரல்கொடுத்த அருட்தந்தை மேரி பஸ்தியன் கொல்லப்பட்டார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1992இல், அந்தக் கரைக்கே யோசேப்பு ஆயராக வந்தார்.

2011 ஜனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, அவர் இரு குருக்களோடு சென்று அறிக்கை அளித்தார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில், போர் நடந்த வன்னியில் இருந்தோர் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்குப்படி 4,29,059. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐ.நா. கணக்குப்படி 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கழித்தல். இரண்டு எண்களும் பிறர் எழுதி வைத்தவை. குற்றப் புலனாய்வுப் பிரிவினர் அவரை விசாரித்தார்கள். அவர் கணக்கை மாற்றவில்லை.

2016 ஜனவரியில் ஓய்வுபெற்ற அவர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார்.