தெமெங்கோங் டாயெங் இப்ராகிம்

டாயெங் இப்ராகிம் (1810–1862) ஜொகூரின் தெமெங்கோங். இன்றைய ஜொகூர் அரச குடும்பத்தின் முன்னோர். தெமெங்கோங் என்பது சுல்தானுக்குக் கீழ்ப்பட்ட பதவி. அதில் இருந்துகொண்டே வணிகத்தின் பலத்தால் ஒரு நாட்டைத் தன் கைக்குக் கொண்டுவந்தவர் இவர்.

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸுடன் சிங்கப்பூர் உடன்படிக்கை செய்த தெமெங்கோங் அப்துல் ரகுமான் இவருடைய தந்தை. அவர் 1825இல் இறந்தபோது குடும்பம் சிங்கப்பூரின் தெலுக் பிலாங்காவில், சுருங்கிய வருவாயோடு இருந்தது. இப்ராகிமைச் சார்ந்த கடலோடிகள் கப்பல்களைக் கொள்ளையிடுவதாக ஆங்கிலேயர் சந்தேகித்தனர். அதே இப்ராகிமுக்கு, கடற்கொள்ளையை ஒடுக்க உதவியதற்காக, ஆளுநர் பட்டர்வொர்த் 1846இல் வாள் பரிசளித்தார்.

இவருடைய செல்வத்துக்கு வழி திறந்தது கட்டா பெர்ச்சா என்ற மரப்பால். 1843இல் மருத்துவர் மான்ட்கோமரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் இப்பால் கடல்நீரில் கெடாது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அதுவே பயன்பட்டது. ஜொகூர் காட்டிலிருந்து வந்த சரக்கை இப்ராகிமின் ஆட்கள் குறைந்த விலைக்கு வாங்கிக் குவித்தனர். சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் இந்த ஏகபோகத்தைக் கடுமையாக எதிர்த்தனர். ஆனால் பெரிய இழப்பு காட்டுக்குத்தான்: பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். சிங்கப்பூரில் அந்த மரங்கள் சில ஆண்டுகளிலேயே அருகிப்போயின.

காட்டுச் சரக்கை மட்டும் இவர் நம்பியிருக்கவில்லை. 1844 முதல், ஆற்றங்கரை நிலங்களைத் திறக்கச் சீனத் தலைவர்களுக்கு உரிமைச் சீட்டுகள் வழங்கினார். கங்சு எனப்பட்ட அத்தலைவர்களின் ஆட்கள் மிளகும் காம்பிர் என்ற பயிரும் வளர்த்தனர். காம்பிர் இலையைக் காய்ச்சிய பின் மிஞ்சும் சக்கை மிளகுக்கொடிக்கு உரமானது. காய்ச்சுவதற்கான விறகுக்குக் காடு அழிந்தது. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் குடியேற்றங்களின் மிச்சம்.

10 மார்ச் 1855 உடன்படிக்கையின்படி, ஜொகூர் சுல்தான் அலி கெசாங்–மூவார் பகுதியை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டு ஜொகூரின் ஆட்சியை இவருக்கு விட்டுக்கொடுத்தார். ஈடாக 5,000 ஸ்பானிய டாலரும் மாதம் 500 டாலரும் பெற்றார். அலியிடம் பட்டம் இருந்தது. இப்ராகிமிடம் பணமும் ஆறுகளும் இருந்தன. அதே ஆண்டு இப்ராகிம் தஞ்சோங் புத்ரியில் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். 1862 ஜனவரி 31 அன்று காலமானார்.

மகன் அபு பக்கர் 1866இல் தஞ்சோங் புத்ரிக்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். 1885இல் பிரிட்டன் அவரைச் சுல்தானாக ஏற்றது.