மெர்சிக் கரையின் நடிகை: லிவர்பூல் பிளேஹவுஸும் பாட்ரீசியா ரூட்லெஜும்

மெர்சி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல், எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட். 1929-இல் பர்க்கன்ஹெட்டில் பிறந்த பாட்ரீசியா ரூட்லெஜ், லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தார். 1952-இல் வில்லியம்சன் சதுக்கத்து பிளேஹவுஸில் ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் ஹிப்போலிட்டாவாக மேடையேறினார். தொழில்முறை நடிகையாக அதுவே அவருக்கு முதல் வேடம்.

1866-இல் இசைக் கேளிக்கைக் கூடமாகத் தொடங்கிய அந்த அரங்கு, 1911-இல் ஊர்மக்கள் பங்கு போட்டுச் சேர்த்த பணத்தில் ரெபர்ட்டரி அரங்கானது. நிலையான ஒரு குழு. மாறிக்கொண்டே இருக்கும் நாடகங்கள். மாலையில் ஒரு நாடகம் நடக்கும். பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. இந்த நாடகத்தில் ராணி என்றால் அடுத்ததில் வேலைக்காரி. மைக்கேல் ரெட்கிரேவ், ரெக்ஸ் ஹாரிசன் போன்றோரும் இங்கே தேறியவர்கள்தாம்.

அந்தப் பயிற்சி ரூட்லெஜுக்கு எங்கும் கைகொடுத்தது. 1968-இல் பிராட்வேயில் அவர் நடித்த 'டார்லிங் ஆஃப் தி டே' 31 காட்சிகளோடு நின்றுபோனது; ஆனாலும் டோனி விருது அவருக்குக் கிடைத்தது. 1976-இல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த '1600 பென்சில்வேனியா அவென்யூ' ஏழே காட்சிகளில் படுத்துவிட்டது. அதற்காக அவர் மேடையை விடவில்லை. 1984-இல் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் 'மூன்றாம் ரிச்சர்டு' நாடகத்தில் சாபமிடும் மார்கரெட் ராணி. 'கேண்டீட்' இசைநாடகத்தில் கிழவி வேடம். அதற்கு 1988-க்கான ஒலிவியர் விருது.

உலகம் அவரை அறிந்தது 1990 முதல் 1995 வரை பிபிசியில் வந்த 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரின் ஹையசிந்தாகத்தான். பக்கத்து வீட்டு இசைக்கலைஞர் எம்மெட்டைக் கண்டால் ஹையசிந்த் குரலெடுத்துப் பாடத் தொடங்கிவிடுவார். அதற்குப் பயந்தே அந்த மனிதர் வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குவார். இசைநாடகத்துக்கு விருது வாங்கிய குரல் அது. நன்றாகப் பாடத் தெரிந்தவர் வேண்டுமென்றே அபஸ்வரமாகப் பாடுவதில்தான் நகைச்சுவையே இருக்கிறது. எந்த இடத்தில் சுருதி பிசகினால் சிரிப்பு வரும் என்பது அவருக்கு அத்துபடி.

2017-இல் 'டேம்' பட்டம் பெற்று, 2025 அக்டோபரில் 96 வயதில் மறைந்தார். தொலைக்காட்சியில் வந்த பெயருக்கு முதல் போட்டது மேடை. பிளேஹவுஸ் போன்ற அரங்குகள் நாடகங்களை மட்டும் ஊருக்குத் தரவில்லை. எந்த வேடத்தையும் சிறிதென ஒதுக்காத நடிகர்களையும் தந்தன.